கௌதம் வீட்டு அட்டைக் கட்டில்

ஆம்பூரில் ஒரு ஷூ தோலில் பிறப்பதற்கு முன்னால் அட்டையில் ஒருமுறை பிறக்கும். அந்த முதல் பிரசவத்தைப் பார்ப்பவர்களில் ஒருவன் கௌதம். பைபாஸ் ஓரமாக இருக்கிற ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் பேட்டர்ன் கட்டர். வெளிநாட்டிலிருந்து படம் வரும். அதைப் பார்த்து முகப்பு, பக்கம், குதிகால் என்று ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வெட்டித் தருவான். அது சரியாக இருந்தால்தான் தோலில் கத்தி வைப்பார்கள். கை அப்படிப்பட்ட கை. அந்தக் கையோடு கூடப் பிறந்த தலைதான் கொஞ்சம் இப்படி அப்படி. எதைப் பார்த்தாலும், இதை அட்டையில் வெட்டினால் எப்படி வரும் என்று யோசிக்கும். கல்யாணப் பந்தியில் அவன் மைசூர்பாகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட மாமியார் கெங்கம்மாள், மாப்பிள்ளை இனிப்பில் குறை கண்டுவிட்டார் என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போன கதை அவர்கள் ஊரான அணைக்கட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமனார் மூர்த்தி அணைக்கட்டுப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. நல்ல ஆகிருதி. நடந்து வந்தால் வரப்பு வழிவிடும். மகள் மேகலாவுக்குச் சீராக அவர் கொடுத்தது கடைக் கட்டில் இல்லை. சொந்தக் கொல்லையில் நின்ற வேப்பமரத்தை அறுத்து, ஆசாரியை வீட்டிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டுச் செய்த கட்டில். நாலு ஆள் கைவைத்தால்தான் அசையும். அது அசையாது என்பதில் மூர்த்திக்கு அவ்வளவு பெருமை.

கட்டில் அசையாமல் இருக்கலாம், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருக்க முடியுமா? ஒரு வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்றார். இன்னொருவர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். அவர் இன்றுவரை இடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் அஃப்ஸர் ஜஹான் என்கிற அம்மாளின் மாடி கிடைத்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, குளியலறை. நல்ல காற்று. வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டில் ஒரே ஒரு திருப்பம்தான். அந்தத் திருப்பத்தில் வேப்பமரக் கட்டில் மாட்டிக்கொண்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கொடியில் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்த அஃப்ஸர் ஜஹான் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றார்.

"இன்னா பா, இனிமே நான் இங்கயே குடும்பம் நடத்தணுமா?" என்று அவர் கேட்டபோது கௌதமுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் ஒருவழியாகக் கட்டில் விடுபட்டது. கூடவே அஃப்ஸர் ஜஹானின் சட்டங்களும் வந்தன. சுவரில் ஆணி கூடாது. சாமானை இழுத்துச் சத்தம் போடக் கூடாது. கூரையில் பழைய கொக்கி ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கட்டில் டெம்போ ஏறி அணைக்கட்டுக்கே திரும்பிப் போனது.

சீராகப் போன சாமான் திரும்பி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? "மேகலாவுக்கு இன்னா ஆச்சு?" என்று ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் ஆம்பூரில் நன்றாகத்தான் இருக்கிறாள், கட்டில்தான் படியேறவில்லை என்று சொல்லிச் சொல்லி மூர்த்திக்கு வாய் வலித்தது. யாரும் நம்பவில்லை. பிரசவத்துக்கு மேகலா தாய்வீடு வந்தபோது, பார்த்தாயா என்றார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. மகிழினி என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விடுவது வழக்கம். ஐந்தாம் மாதம் வந்தது, மூர்த்தி வரவில்லை. கௌதமே கிளம்பிப் போனான்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மூர்த்தி. "எம் பேத்தி தரையில படுக்கவா பொறந்தா? கட்டில் நிக்கிற வீடா பாருங்க. அன்னிக்கே கொண்டாந்து வுடறேன்."

மூர்த்தியின் கட்டில் நிற்கிற வீடு என்றால் கீழ்த்தளத்தில், பெரிய வாசலோடு, கௌதமின் சம்பளத்துக்கு எட்டாத தெருவில்தான் இருக்கும். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. விரலை உருவிக்கொண்டு பஸ் ஏறியவனுக்கு வேலூர் வரும்வரை மனசு ஆறவில்லை. என் பிள்ளையை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு வக்கில்லையா என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தான்.

கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிற உசாமா அவனுடைய பள்ளிக்கூட தோஸ்த். எழுத்து மாறி அச்சாகிவிட்ட ஏற்றுமதி அட்டைப்பெட்டிகள் ஒரு குவியலாக அங்கே கிடந்தன. நல்ல கெட்டியான பல அடுக்கு அட்டை. கழிவில் போகப்போகிற சரக்கு. அதைப் பார்த்ததும் கௌதமின் தலை வழக்கம்போல வேலை செய்யத் தொடங்கியது. அட்டையைப் படுக்கப்போட்டால் வளையும், நிமிர்த்தி வைத்தால் சுமக்கும். இது பேட்டர்ன் வெட்டுகிற யாருக்கும் தெரிந்ததுதான். உசாமாவிடம் கேட்டு வாங்கிய அட்டையை நீளப் பட்டைகளாக அறுத்து, பட்டைக்குப் பட்டை பள்ளம் வெட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தான். ஆணி இல்லை, திருகு இல்லை. முதல் நாற்காலி அவன் உட்கார்ந்ததும் உட்கார்ந்துவிட்டது. அடுத்தது ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு செய்தது நின்றது. அப்புறம் மேசை, துணி அலமாரி, கடைசியாகக் கட்டில். மடித்தால் கக்கத்தில் அடங்கும். பழசானால் பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம்.

ஒரே குறை, எல்லாவற்றிலும் பெட்டியின் அச்சு அப்படியே இருந்தது. மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புகள் கட்டிலில் எல்லாத் திசையிலும் பாய்ந்தன. நாற்காலியின் முதுகில், நனையக் கூடாது என்பதற்கான குடைப் படம் ஒன்று பெரிதாக விரிந்திருந்தது. கௌதமுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அஃப்ஸர் ஜஹான் மேலே வந்து உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், இழுத்துப் பார்த்தார். "பேஜார் இல்லாத சாமான் பா. சத்தமே இல்ல," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு இறங்கினார்.

வீடு தயார், வந்து பாருங்கள் என்று கௌதம் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பமே வந்தது.

மூர்த்தி கட்டிலைச் சுற்றி வந்தார். மரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் மடக்கித் தட்டினார். சத்தம் வரவில்லை. "இதுல யாரு படுக்கறது?" என்றார்.

"நான்தான் மாமா. இத்தினி நாளும் இதுலதான். நீங்க உக்காருங்க."

மூர்த்தி நாற்காலியில் பாதி பாரத்தை வைத்து, மீதியைத் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வலித்தது. முழு பாரத்தையும் இறக்கினார். நாற்காலி அசையவில்லை. மேகலா டீ கொண்டுவந்து கொடுத்தாள், புருஷனைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தாள். கௌதம் குழந்தையை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு உலகத்தில் வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

கெங்கம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. பேத்தி குடிவரப்போகிற வீடு. ஒரு ஆம்பிளை மாதக்கணக்கில் தனியாக இருந்த வீடு வேறு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கெட்டை எடுத்தார். அடுப்படியிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார். பினாயில் போட்டு ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை. வீடு கழுவும்போது நம் ஊர் ஆண்கள் செய்கிற ஒரே உதவி, காலைத் தூக்கிக்கொள்வது. மூர்த்தியும் இரண்டு காலையும் நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக டீ குடித்தார். நாற்காலியும் தன் பங்குக்குக் கீழேயிருந்து குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அது இறங்கத் தொடங்கியது. தடாலென்று விழவில்லை. மாடு படுப்பதுபோல முன்னங்காலை முதலில் மடக்கியது, ஒரு கணம் யோசித்தது, பின்னங்காலையும் மடக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்தது. மூர்த்தி அதன்மேல் சப்பணம் போட்டபடி தண்ணீரில் அமர்ந்திருந்தார். டீயை மட்டும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் குடைப் படம் மட்டும் காய்ந்தபடி விரிந்திருந்தது.

மேகலா சிரித்துவிட்டாள். அவள் சிரித்திருக்கக் கூடாது.

"கௌம்பலாம்," என்றார் மூர்த்தி.

யார் சொல்லியும் கேட்கவில்லை. கட்டிலின் கால்களும் ஊறி உப்பியிருந்ததைப் பார்த்துவிட்டார். ஈர வேட்டியோடு படியிறங்கியவர், அந்தத் திருப்பத்தில் நின்று கௌதமைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இறங்கியிருந்தது.

"மாப்ள, எங் கட்டில ஊட்டுக்காரன் வெளிய போடணும்னா நாலு ஆள தேடணும். இத ஒத்தக் கையால தூக்கி வீசிடுவான். எம் பொண்ணு பொழப்பு அவ்ளோ லேசா இருக்கறது எனக்கு பயமா இருக்குது."

கௌதமால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பயம் அவனுக்கும் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேகலாவும் அவர்களோடு போனாள்.

சாயங்காலம் போனில் அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேள்வி கேட்டாள்.

"இன்னாங்க, நாள் பூரா கம்பெனில இன்னா செய்றீங்க?"

"தெரியாதா? ஷூ."

"நாற்காலிக்கு எத்தினி காலு?"

"நாலு."

"முதுகுல குடை வெச்சீங்களே, கால்ல இன்னா போட்டீங்க?"

ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ வெட்டிக் கொடுக்கிறவன், தன் வீட்டு நாற்காலியை வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கவிட்டிருக்கிறான். இப்படி ஒரு தப்பைச் செய்ய ஆம்பூர்க்காரனால்தான் முடியும்.

மறுநாளே வேலை தொடங்கியது. தரப் பரிசோதனையில் கழித்துப்போட்ட ரப்பர் சோல்கள், சின்னப் பிள்ளைகள் அளவு, உசாமா தேடிக் கொடுத்தான். கணுக்கால்வரை சுற்ற, வெட்டு மிச்சத் தோல். கௌதம் ஒழுங்கு தவறாதவன். அட்டைக் காலுக்குப் போடுகிற ஷூவுக்கும் முதலில் அட்டையில் பேட்டர்ன் வெட்டினான். புது நாற்காலி செய்தான். கட்டிலின் ஊறிய கால்களை மாற்றினான். தைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டினான். ஒரு காலுக்குக் கறுப்பு, ஒரு காலுக்குத் தவிட்டு நிறம், ஒன்றுக்குச் சிவப்பு. ஜோடி சேரவில்லை.

"தோஸ்த், ஜாக்கிரதை," என்றான் உசாமா. "கட்டில் ஊர வுட்டு ஓடிடப் போவுது."

மூர்த்தியை மறுபடி வரவழைக்க மேகலா என்ன பாடுபட்டாளோ தெரியாது. வந்தார். கொண்டுவந்த பையைக் கீழே அஃப்ஸர் ஜஹான் வாசலிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினார். உள்ளே காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா மாப்ள இது? மனுசங்க நாங்களே செருப்ப வாசல்ல வுட்டுட்டு வர்றோம். உங்க நாற்காலி ஷூவோட நடுவூட்ல நிக்குது."

"அது தெருவுல போய்ட்டு வந்த ஷூ இல்லப்பா," என்றாள் மேகலா.

மூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "கெங்கம்மா, பக்கெட் எங்க?" என்றார். எடுத்துக் கொடுக்க வந்த மனைவியை விலக்கிவிட்டுத் தானே ஊற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக வீடு கழுவினார். கெங்கம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். பக்கெட் பக்கெட்டாக ஊற்றியதில் தண்ணீர் படிக்கட்டில் இறங்கி ஓடியது. "மாடியில மட்டும் மழையா பா?" என்று கீழேயிருந்து அஃப்ஸர் ஜஹானின் குரல் வந்தது. மூர்த்தி தண்ணீருக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷம், காலைத் தூக்கிக்கொண்டார். டீ குடித்தார். இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். கௌதம் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். தரையே காயத் தொடங்கியது. நாற்காலி நின்றது.

மூர்த்தி எழுந்து, ஒரு கையால் அதைத் தூக்கி, புரட்டிப் பார்த்து, கீழே வைத்தார். "லேசாதான் இருக்குது," என்றார்.

போன தடவை வராத பதில் இப்போது வந்தது. "ஆமா மாமா. நாங்க எங்க போனாலும் கூடவே வந்துடும். எங்கள வுட்டுட்டு ஊருக்குத் திரும்பிப் போவாது."

மாமனார் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. மூர்த்தி ஜன்னல் பக்கம் போனார். கூரையில் இருந்த கொக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"கீழ பை இருக்குது. எடுத்தாங்க மாப்ள," என்றார்.

"காலைலயே அவரேதான் மடிச்சு வெச்சாரு," என்றார் கெங்கம்மாள். "கொழந்தையோட துணி ஒண்ணுகூட அங்க வுடல."

கௌதம் நாலு படி ஒரு படியாக இறங்கினான். பை வாய் மூடாமல் இருந்தது. துணிகளுக்கு நடுவே ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. இழைத்து வழவழப்பாக்கிய வேப்பமரக் கட்டை. இரண்டு முனையிலும் தூளிக் கயிறு நிற்பதற்குப் புதிதாகச் செதுக்கிய பள்ளம். அது எதிலிருந்து அறுத்தது என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாலு பேராகச் சேர்ந்து அதைப் படியில் ஏற்றப் பார்த்தவர்களில் அவனும் ஒருத்தன்தானே.

நிமிர்ந்து பார்த்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மூர்த்தி நின்றிருந்தார்.

"கட்டில்ல ஒரு சட்டம், தூளிக்கு," என்றார். "இது மேல ஏறும் இல்ல?"