சிவப்புச் சுவெட்டரும் திறந்த பையும்

இங்கே மிலானோவில் நான் வேலை செய்யும் துணிக்கடையில், மாலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என் கைப்பையைத் திறந்து காட்டுவேன். யாரும் கேட்பதில்லை. காவலாளி மார்க்கோவுக்கு முதலில் சிரிப்பு, பிறகு சங்கடம். "மி ஃபிதோ, சினியோரா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். உங்களை நம்புகிறேன் என்று அர்த்தம். தன்மேல் எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்தானோ என்னவோ, மறுநாள் ஒரு சாக்லேட்டும் தந்தான். அவனுடைய நம்பிக்கைதான் என்னை உறுத்துகிறது என்பதை எந்த மொழியில் சொல்வது?

முன்பு இலங்கையில் இருந்தபோது, ஹட்டன் பஜாரில் ஒரு பெரிய கடையின் அனெக்ஸில், அதாவது பக்கத்துக் கிளைக் கட்டடத்தில், எனக்கும் புஷ்பத்துக்கும் ஒரே நாளில் வேலை கிடைத்தது. இருவரும் லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்துப் பிள்ளைகள், வரிசை வீடுகளில் அடுத்தடுத்து வளர்ந்தவர்கள். கொழுந்துக் கூடைக்குத் தப்பி வந்தவர்கள். அனெக்ஸோ ஒரு விசித்திரம். வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைக் கொட்டகை. தரை ஒரு பக்கம் சரியும், கதவை உதைத்தால்தான் திறக்கும், சேலை கட்டிய பொம்மைக்கு ஒரு கை கிடையாது. பெரிய கடைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சந்து. அதன் மேலே கயிறு கட்டியிருந்தார்கள். சாமானைக் கூடையில் வைத்து நாங்கள் மணியடித்தால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். தினமும் மாலையில் எங்கள் பைகளைச் சோதித்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள்.

ஒரு நாள் பகல் முழுக்கப் பனிமூட்டம், எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. காற்று வேறு. புஷ்பம் ஒரு சிவப்புச் சுவெட்டரைக் கூடையில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் வெறுங்கூடைதான் போய்ச் சேர்ந்தது. மெனேஜர் வந்து எங்கள் பைகளை மேசையில் கொட்டினார். சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி, பஸ் டிக்கெட்.

"கூடையிலதாங்க வச்சேன். ராணி பாத்துச்சுங்க" என்றாள் புஷ்பம்.

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்றால் என்னையும் சேர்த்து வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பயம். என் நாக்கு புரண்டது.

"நா கவனிக்கலைங்க."

புஷ்பம் என்னைத் திட்டவில்லை. சீப்பைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள், அதோடு அவள் வேலையும் போனது. மறுநாள் காலை பனி விலகியபோது, சந்திலிருந்த தகரக் கூரைமேல் சுவெட்டர் நனைந்து கிடந்தது. காற்று தூக்கிப் போட்டிருக்கிறது. மெனேஜர் சிரித்துவிட்டுக் காயப்போடச் சொன்னார். புஷ்பத்தைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பு.

போன வருடம் மன்னிப்புக் கேட்கவென்றே ஊருக்குப் போனேன். புஷ்பம் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் 'அடியே' என்று கூப்பிட்டவள் "வாங்க ராணி, எப்ப வந்தீங்க?" என்றாள். நான் வாயெடுக்குமுன் அவளே கேட்டாள்:

"அங்கயும் பெரிய கடையில வேலையாமே? சாயந்தரத்துல பையப் பாப்பாங்களா?"

"ஆமா புஷ்பம். தெனமும்."

அவள் தலையாட்டினாள். கேட்கப் போன மன்னிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. வந்தது இன்னொரு பொய்தான்; இங்கே யாரும் என் பையைப் பார்ப்பதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஒரு பொய்யையாவது மெய்யாக்க வேண்டும். மார்க்கோ சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் ஒரு கால் கடைக்குள்ளும் ஒரு கால் தெருவிலுமாக, பையைத் திறந்து பிடித்தபடி நிற்கிறேன்.