அச்சாறு வியாபாரியின் வலைப்பூ

பதுளையில் நான் நடத்திய இன்டர்நெட் கடைக்கு, பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மாங்காய் அச்சாறு விற்பவர் ஒருவர் வருவார். மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தன் வலைப்பூவில் எழுதுவார்: 'இந்த வாரம் உப்பு கூடிப்போச்சு, வாங்காதீங்க.'

"குறையை எழுதினா யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குன்னு எழுதுறப்ப நம்புவாங்கல்லங்க."

நம்பினார்கள். கொழும்பிலிருந்தெல்லாம் கேட்டு எழுதினார்கள்.

ஒரு நாள் இப்படி எழுதினார்: 'அச்சாறு போட்டது என் சம்சாரம். போன வாரம் தவறிட்டாங்க. கடைசியா போட்டது ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா விக்க மனசு வரலை. மன்னிச்சிக்கங்க.'

மறுநாளே, அவர் முகம் பார்த்திராத பலர் ஆறுதல் எழுதியிருந்தார்கள். வந்தால் காட்டலாம் என்று காத்திருந்தேன். அவர் வரவேயில்லை. அவற்றை வேறெங்காவது படித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.