உப்பளத்துக்காரன் அடைத்த வளைகள்

வேதாரண்யத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த நான் திருவாரூர்ப் பக்கம் நெல் சாகுபடிக்குப் போனது என் மனைவிக்குக் கிடைத்த நிலத்தால். மிராசுதார்களிடம் உச்சவரம்புக்கு மேல் இருந்ததை எடுத்துக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. என் மாமனார் சிவப்புக்கொடி பிடித்து நடந்தவர். அவர் பெயருக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா வந்தது. அதே வருஷம் அவர் போய்விட்டார். ஒரே மகள் என்பதால் பட்டா என் மனைவி பெயருக்கு மாறியது.

மிராசுதார் நல்ல நிலத்தையா விடுவார்? வடிகால் ஓரத்துப் பள்ளம் அது. பாதிக்குக் கோரை, ஒரு பக்கம் முழுக்கத் தாழம்புதர். பெட்டியும் பாயுமாக, இரண்டு பெண் குழந்தைகளோடு ஆவணியில் போய் இறங்கி, மேட்டில் ஒரு கீற்றுக் குடிசை போட்டோம்.

மறுநாள் விடிந்ததும் தாழைக்குள் நீர்க்கோழிகள் கத்தத் தொடங்கின. நத்தைகுத்தி நாரைகள் எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் கோரைக்குள் நடந்தன. சின்னவள் ஓர் ஆமையின் பின்னால் அது போகும் வேகத்திலேயே போனாள். வடிகாலில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்ததாகப் பெரியவள் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உப்பளத்தில் உயிர் என்றால் சேதம். பாத்தி வரப்பில் ஒரு நண்டு வளை போட்டால் போதும், பத்து நாள் வெயிலில் காய்ச்சிய தண்ணீர் ஒழுகிப் போய்விடும். களிமண்ணை உருட்டித் திணித்துக் குதிகாலால் மிதிப்போம். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

மிராசுதாரின் காரியஸ்தர் தாசில்தாருக்கு மனுப் போட்டிருந்தார். பட்டா பெற்றவர் இறந்துவிட்டார், மருமகன் உப்பளத்து ஆள், நிலம் தரிசாகக் கிடக்கிறது, பட்டாவை ரத்து செய்ய வேண்டும் என்று. நாங்கள் பயிர் வைத்ததை அந்த வருஷம் ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் அடங்கல் என்கிற பயிர்க்கணக்கில் எழுதாவிட்டால் நிலம் போய்விடும்.

கோரையைப் பிடுங்கி ஐப்பசியில் நட்டோம். பிறகு என் மனைவி ஊரார் வயலுக்கு நடவுக் கூலிக்குப் போனாள். நான் இரண்டு நாள் வரப்பிலேயே கிடந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, வரப்பு மெழுகுன தரையாட்டம் இருக்கு?"

"ஒரு வளை விடல புள்ள. இனிமே தண்ணி சொட்டாது."

அவள் வரப்போடு ஒரு நடை போய் வந்தாள். "மூலையில சாரை இருந்துச்சே, அதோடதையுமா?"

"அதத்தான் மொதல்ல அடைச்சேன். பாம்பு உள்ள இல்லன்னு பாத்துட்டுத்தான் மிதிச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "உப்பளத்து மாப்ளைக்கு எந்தூரு வெவசாயம்! எலி கால்லயே தோண்டிக்கும். அதத் திங்கிற சாரைக்கு ஏதுங்க காலு?"

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் மூலை வளையைக் கடப்பாரையால் திறந்துவிட்டேன். சாரை வரவில்லை.

மார்கழியில் கதிர் தாளுக்குள் பொதி கட்டியபோது எலி இறங்கியது. எலி ஓரத்தைத் தொடாது. நடுவயலில் தொடங்கி வட்டமாகத் தின்றுகொண்டு வரும். எலி பிடிக்க மூங்கில் கிட்டி வைத்தோம். கிட்டியில் விழுந்ததைவிட வந்தது அதிகம். நிலம் யாருக்கு என்று ஊரெல்லாம் மனுவும் ஊர்வலமுமாக இருந்த அந்த வருஷத்தில், எங்கள் வரப்பில் யார் யார் குடியிருந்தார்கள் என்று நான் ஒரு வார்த்தை விசாரித்திருக்கவில்லை. மண்ணை உருட்டும்போது அப்படிக் கேட்கத் தோன்றவும் இல்லை.

பொங்கல் கழிந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே கர்ணமும் காரியஸ்தரும். அதிகாரி என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் மனைவிக்குப் பின்னால் நின்றேன்.

"நல்லாத்தானே நிக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர், வரப்பில் நின்றபடியே.

"ஓரத்தப் பாத்து ஏமாந்துராதீங்க சார்," என்றார் காரியஸ்தர். "உங்களுக்குக் காட்ட ஓரத்துல மட்டும் நட்டு வச்சிருக்கான். உள்ள எறங்கிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். நடுவயல் வெறிச்சென்று கிடந்தது. "என்னம்மா இது?" என்று அவளைப் பார்த்தார்.

"எலிங்க சார்..."

"எலியாம் எலி! நட்டிருந்தாத்தானே எலி திங்கிறதுக்கு?" என்று குறுக்கிட்டார் காரியஸ்தர்.

அவள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். எப்படிக் குனிந்தேன் என்று தெரியவில்லை. சேற்றுக்குள் கைவிட்டு எலி தின்று விட்ட ஒரு நெல் தூரை வேரோடு பிடுங்கி இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"நட்டதுங்க. சாய்வாக் கத்திரிச்சிருக்கு பாருங்க, அது எலி. சாரை இருந்த வளைய நாந்தான் அடைச்சேன். தப்பு என்னோடதுங்க. நெலம் அவளோடது."

காரியஸ்தர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தூரை வாங்கி வெட்டு வாயை விரலால் தடவினார். குனிந்து தாமே இன்னொன்றைப் பிடுங்கினார். நாலடி தள்ளி மற்றொன்று.

"வரிசையாத்தான் நட்டிருக்காங்க," என்று கர்ணத்திடம் சொன்னார். "முழுசும் சாகுபடி, எலிச் சேதம்னு எழுதுங்க."

கர்ணம் எழுதும்வரை அவள் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன பிறகு வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவினாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நெலம் என்னோடதுன்னு அதிகாரிக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. நாளைக்கு ஓரத்த அறுக்கணும். கூலிக்கு வர்றீங்களா, எப்படி?"

அரிவாளைத் தீட்டி வைக்கக் குடிசைக்குப் போனேன்.