நிறமில்லாத கேமரா

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை மங்கலக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் மங்கலான படங்களையும் வீடியோக்களையும் பார்த்து, அவற்றில் தெரிவதை ஆங்கிலத்தில் எழுதித் தருவது எங்கள் பிழைப்பு. கை நடுங்கி எடுத்த படம், வெயில் தின்ற படம், புள்ளி புள்ளியாக உடைந்த படம், ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் தனித்தனி ஆங்கிலம் உண்டு. கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தால்கூட 'மாப்பிள்ளை போலத் தோன்றும் உருவம்' என்றுதான் எழுதுவார் என்று கிண்டல் செய்வோம்.

ஒருவர் எழுத, இன்னொருவர் படத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். பதினோரு வருடமாக அவர் எழுதியதை ஒத்துப் பார்ப்பது நான்தான். ஒரு நாளும் தப்பு அகப்பட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பும் உண்டு.

அன்று வந்தது ஒரு கிடங்குத் திருட்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ செப்புக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு போகிறான். பழியைக் காவலாளி தலையில் போட்டு, போலீசார் அவரை மூன்று நாளாக உள்ளே வைத்திருந்தார்கள். காவலாளி கட்டை குட்டையான ஆள். போட்டோ கோப்பிலேயே இருந்தது. வீடியோவில் இருப்பவன் நெட்டையென்றால் அவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எங்கள் குறிப்புக்காகத்தான் காத்திருந்தார்கள்.

அக்கா வீடியோவை ஒரு தடவை பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மறுபடி பார்த்தார். அரை மணியில் முடிப்பவர் மதியம் வரை எழுதினார். என்னவென்று கேட்டதற்குக் கண் எரிகிறது என்றார்.

குறிப்பு என்னிடம் வந்தது. முகம் தெளிவில்லை. உயரம் கணிக்க முடியவில்லை. உடல்வாகு சொல்ல இயலாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் எனக்கே தெரிகிறது, இவருக்கா தெரியாது? நான்காவது வரியில் நீலச் சட்டை என்று இருந்தது. வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன்.

“அக்கா, இது கலரே இல்லாத கேமரா. எல்லாம் சாம்பலாத்தான் இருக்கு. நீலம்னு எப்படி எழுதினீங்க?”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“நான் எடுத்துக் குடுத்த சட்டை. என் தம்பி.”

தம்பி ஏதோ கிடங்கில் வண்டி ஓட்டுகிறான் என்று தெரியும். எந்தக் கிடங்கு என்று நான் கேட்டதே இல்லை.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று முதலில் கேட்டதும் நான்தான். அக்கா குறிப்பைத் தன் பக்கம் இழுத்தார். நீலத்தை அடித்தார். காவலாளியின் போட்டோவை நான் கோப்புக்குள் தள்ளி மூடினேன்.

அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உயரம், கதவு நிலையைத் தொடுகிறது. உடல்வாகு, ஒல்லி. கையெழுத்துப் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

“எங்க இருக்க? சாப்பிட்டியா?”

பதிலைக் கேட்டபடியே கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“அங்கேயே இருடா. அக்கா வர்றேன். ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்.”