போன வருஷத்துக் கிளை

முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, "இல்லை", "முடியாது", "நாளைக்கு வாங்க" என்பதை வைத்தே காலம் தள்ளியவளுக்கு, பக்கவாதம் வந்தபின் வாயில் மிஞ்சியது ஒரே வார்த்தை. "ஆமா."

தெருவில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். ரோஜா வளர்த்ததால் மட்டும் வந்த பெயர் அல்ல. வீட்டின் பின்பக்கம் இரண்டு கொய்யா, ஓர் எலுமிச்சை, ஒரு மாதுளை, மதிலோரமாகப் பழைய காலத்து ரோஜாக்கள் வைத்திருந்தாள். கொய்யா கேட்டு வந்தவர்களுக்கு அணில் கடித்ததாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பாள். எலுமிச்சைக் கன்று கேட்டால் விதையில் முளைத்ததைத்தான் கொடுப்பாள். அது காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் கேட்டவர் வீடு மாறிப் போயிருப்பார்.

படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, மாதுளையை ஒட்டி நின்ற ரோஜாவின் மேல்தான் அவளுக்கு உயிர். இளஞ்சிவப்பு, நெருக்கமான இதழ்கள், ஒரு பூ பூத்தாலும் கட்டில்வரை வாசனை வரும். கடை ரோஜாவைப் போல வருஷம் முழுக்கப் பூக்காது. வெயில் ஏறும் சமயத்தில் மூன்று வாரம், அவ்வளவுதான். அதுவும் போன வருஷம் வளர்ந்த கிளையில்தான் மொட்டு வைக்கும். மற்ற ரோஜாக்களைப் போலக் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டினால் இலை தழைக்கும், பூ வராது. இந்தச் சங்கதியை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

சொல்லாததுகூடப் பரவாயில்லை. நாத்தனார் ஒருமுறை அந்தச் செடியிலிருந்து ஒரு குச்சி வாங்கிப் போய், வேர் பிடித்ததும் ஓடி வந்து கேட்டாள்.

"அண்ணி, இதை எப்ப வெட்டணும்?"

"குளிர் ஆரம்பிச்சதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டு. ஒரு கிளை விடாதே. வெட்ட வெட்டத்தான் பூக்கும்."

நாத்தனார் பேப்பரில் எழுதிக்கொண்டு போனாள். பன்னிரண்டு வருஷம் வெட்டினாள். ஒரு மொட்டுகூட வரவில்லை. ஒருநாள் வாய்விட்டுப் புலம்பியபோது முள்ளக்கா வந்திருந்தவர்கள் முன்னால் சிரித்தாள்.

"என்ன பண்றது, உன் கைராசி அப்படி. உன்கிட்ட எதுதான் தங்கியிருக்கு?"

நாத்தனாருக்கு வயிற்றில் மூன்று முறை தங்காமல் போயிருந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

முள்ளக்கா விழுந்தபோது, பார்த்துக்கொள்ள வந்ததும் அவள்தான். நாத்தனாரின் புருஷன் போய்ச் சேர்ந்திருந்தார், அவளுக்கு வேறு வேலை இல்லை. வந்த அன்றே கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினாள். குதிகால் மெத்தையில் படாமல் தலையணை வைத்தாள். புரை ஏறாமல் பழத்தை மசித்து, ஒவ்வொரு கரண்டியும் விழுங்கியாகிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து ஊட்டினாள். குறை சொல்ல இடமில்லை.

வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போய், முள்ளக்காவுக்கு ஒரே ஆசைதான் பாக்கி. அந்த ரோஜா இன்னொரு தடவை பூப்பதைப் பார்க்க வேண்டும்.

குளிர் ஆரம்பித்தது. நாத்தனார் செடி வெட்டும் கத்தரியோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். "அண்ணி, வெட்டற நேரம் வந்துருச்சு. வெட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல முள்ளக்கா முழு பலத்தையும் திரட்டினாள்.

"ஆமா! ஆமா, ஆமா!"

"இருங்க, இருங்க. என்ன அவசரம்?"

முள்ளக்கா இடக்கையால் மெத்தையை அறைந்தாள். அவள் கணவர் ஓடி வந்து பெட்பேனை வைத்தார். அவர் அதை வைத்துத் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லையே என்று முணுமுணுப்பதற்குள் செடி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

வெயில் ஏறியதும் இலையாகத் தழைத்தது. முள்ளக்கா மூன்று வாரமும் இலையைப் பார்த்தாள். அடுத்த குளிரிலும் கத்தரி, அதே கேள்வி, அதே பதில்.

ஆனால் அந்தத் தடவை ஒரே ஒரு நீளக் கிளை மாதுளைக்குள் ஏறி ஒளிந்து தப்பித்துக்கொண்டது. வெயில் வந்ததும் மாதுளையின் மறுபக்கத்தில், ஜன்னலிலிருந்து தெரியாத இடத்தில், ஆறு பூ பூத்தது.

பழம் பறிக்கப் போன நாத்தனார் ஒரு பூவோடு உள்ளே வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"வெட்டினது ஒண்ணும் பூக்கல. வெட்டாம விட்டது பூத்திருக்கு." பூவை விரலால் ஒருமுறை உருட்டினாள். "பன்னெண்டு வருஷம், அண்ணி."

"ஆமா" என்றாள் முள்ளக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டதற்குச் சரியான பதில்.

பூ கட்டிலுக்கு வரவில்லை. சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளரில் போய் உட்கார்ந்தது. மீதி ஐந்தும் அங்கேயே போயின. படுக்கையறைக் கதவை நாத்தனார் சாத்தியே வைத்தாள். வெளியே கணவர் கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"ஏம்மா, என்ன இவ்வளவு வாசனை?"

"நம்ம தோட்டந்தான், அண்ணா."

மூன்றாவது குளிர் வந்தது. நாத்தனார் ஏணியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கணவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அதுதான் பூக்கவே மாட்டேங்குதே, எதுக்கும்மா மறுபடியும் வெட்டற?"

"அண்ணி சொல்லிக் குடுத்த முறை. வேணும்னா அவங்களையே கேளுங்க."

அவர் கட்டில் பக்கம் குனிந்தார். "என்ன, வெட்டலாமா?"

முள்ளக்கா கண்ணை மூடினாள். பல்லைக் கடித்தாள். தொண்டையில் "இல்லை" இருந்தது. முப்பத்தொரு வருஷம் தினம் நூறு தடவை சொன்ன வார்த்தை.

"ஆமா."

"அவளே சொல்லிட்டா" என்று அவர் பேப்பர் படிக்கப் போனார்.

நாத்தனார் முதலில் ஏணியில் ஏறி மாதுளைக்குள் கைவிட்டு அந்த நீளக் கிளையை இழுத்து அடியோடு வெட்டினாள். பிறகு மற்றவற்றை, ஒன்று விடாமல். கிளைகளை ஜன்னலுக்கு நேரே குவித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். நேரம் பார்த்தாள். கடைசியாகப் புரட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"புரளலாமா, அண்ணி?"

ஜன்னல் பக்கமே புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கன்னத்து ஈரத்தைத் துண்டால் துடைத்தாள்.

முள்ளக்கா அதன்பிறகு நான்கு வருஷம் இருந்தாள். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.