விட்டுப்போன 'பெரும்பாலும்'

அரசியல் அறிவியல் ஆசிரியருக்கு அவசர கேஸ் என்று ஒன்று வராது. டாக்டரைக் கூப்பிடுவதுபோல யாரும் கதவைத் தட்டி, "ரெண்டு நாட்டுக்கு உறவு சரியில்ல, ஓடி வாங்க" என்று கூப்பிடுவதில்லை. புதுக்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் ஓய்வு பெறும்வரை பன்னாட்டு உறவுகள் நடத்திய எனக்கு ஒரே ஒரு நாள் அப்படி வந்தது. புதிதாகப் பாடம் நடத்த வருகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

வளைகுடாவில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. எண்ணெய்க் கப்பல்கள் போகும் ஜலசந்தியில் எந்தக் கப்பல் வந்தாலும் அடிப்போம் என்று ஒரு தரப்பு மிரட்டிக்கொண்டிருந்தது. அன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் டிடரன்ஸ் பாடம். திருப்பி அடி விழும் என்ற பயத்தில் நாடுகள் கை ஓங்காமல் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். மிரட்டுகிறவர்களின் எண்ணெயும் அதே வழியில்தான் போகிறது, அதனால் பெரும்பாலும் சுட மாட்டார்கள் என்றேன். டிவி விவாதக்காரர்களையும் ஒரு வாங்கு வாங்கினேன். வகுப்பு சிரித்தது. நன்றாக நடத்திவிட்ட திருப்தியோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன்.

மதியம் ரேவதி வந்தாள். கட்டுமாவடிப் பெண். அவள் அண்ணன் முத்து சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் ஜலசந்திக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்பது தெரியாது.

"கேப்டன் ஒவ்வொருத்தரா கேட்டாராம் மேடம், வர்றவங்க வரலாம், பயமா இருந்தா எறங்கிக்கலாம்னு. அண்ணன் முடிவு பண்ண முடியாம தவிச்சுச்சு. நீங்க சொன்னத வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பிட்டேன். இப்ப போறேன்னு சொல்லிருச்சு."

"என்னன்னு அனுப்புன?"

போட்டுக் காட்டினாள். "எங்க மேடம் சொல்லிட்டாங்கண்ணே, சுட மாட்டாங்களாம். தைரியமா போ."

'பெரும்பாலும்' அதில் இல்லை. அவளைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. பரீட்சைத் தாளில் அந்தச் சொல்லை விட்டு எழுதியவர்களுக்கெல்லாம் முழு மார்க் போட்டது நான்தானே.

"போனப் போடு."

லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஒருவழியாக முத்து எடுத்தான்.

"தம்பி, ரேவதியோட மேடம் பேசுறேன். அது பாடம்ப்பா. நாடுங்க பொதுவா எப்படி நடந்துக்கும்னு சொன்னது. ஒன் கப்பலப் பத்திச் சொன்னதில்ல."

"அப்ப சுடுவாங்களா மேடம்?"

"எனக்குத் தெரியாதுப்பா."

ரேவதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்ட்டு, கம்பெனி எல்லாரும் ஒன்னும் ஆகாதுங்கிறாங்க. நீங்க மட்டுந்தான் தெரியாதுங்கிறீங்க," என்றான். "எறங்கிட்டா மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க மேடம்."

"கூப்பிடாமப் போகலாம். போறதும் எறங்குறதும் ஒன் இஷ்டம். ஆனா என் பேச்ச நம்பி மட்டும் போகாத."

முத்து இறங்கிவிட்டான். கப்பல் ஒரு கீறல்கூட விழாமல் ஜலசந்தியைக் கடந்துபோனது. என் பாடம் பலித்தது, அவன் வேலை போனது.

சில வாரம் கழித்து ரேவதியின் அம்மா கல்லூரிக்கு வந்தார். கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்கிறவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். "கப்பல் நல்லபடியாப் போயிருச்சுங்க. உங்க மகன் வேலைதான் போச்சு."

"ஆமா டீச்சரம்மா. வீட்ல உக்காந்து என் உசுர வாங்குறான்," என்றார். மேஜைமேல் ஒரு பை நண்டை வைத்தார். "வாங்கட்டும். அவன் உசுரு இருக்குல்ல."

அதற்குப் பிறகு 'பெரும்பாலும்' இல்லாத பதிலுக்கு மார்க் குறைத்தேன். "ஒரு வார்த்தைக்கா மேடம்?" என்று பிள்ளைகள் முறைப்பார்கள். ரேவதி முறைக்கவில்லை. அவள் தாளில் அந்தச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.