சித்திரையில் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு

1. கரண்டு வார்டு

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் காரோடு என்ற ஊரில் கயிறு திரிக்கிறவர்கள். எனக்கு நர்ஸ் வேலை கிடைத்ததும் அம்மா தெரு முழுக்க என் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய்க் காட்டினாள். இப்போதும் நான் லீவில் போனால், யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று வீடு வீடாகக் கேட்பாள். இல்லை என்கிறவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரும்.

பயிற்சிக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மேட்ரன் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

தமிழ் பேசும் பகுதிகளை மதராசோடு சேர்க்கக் கேட்டு எல்லைக் கிளர்ச்சி நடந்த வருஷங்களில் பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், புற்றுநோய் வார்டில் இருந்தேன். எக்ஸ்ரே கதிரை நோய் இருக்கும் இடத்தில் பாய்ச்சுவதை ஊரில் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். கரண்டு வைத்த பிறகு குமட்டல், வாந்தி, எழுந்திருக்க முடியாத சோர்வு எல்லாம் வரும். அதற்கு மருந்தோடு சேர்த்து நாங்கள் சில கைவைத்தியங்களும் செய்வோம். சுக்குத் தண்ணீர் கொடுப்போம். எலுமிச்சை இலையைக் கசக்கி முகரச் சொல்வோம். பாதத்தில் எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவோம்.

பாதத்தில் மட்டும். இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் குன்னத்துகால் ஞானம்மை என்ற நோயாளி, வயிறு எரிகிறது என்று அரைக்குப்பி தேங்காயெண்ணெயை வயிற்றில் கவிழ்த்துத் தேய்த்துவிட்டாள். கரண்டு எங்கே படவேண்டும் என்று டாக்டர் மையால் போட்டிருந்த அடையாளம் முழுக்க அழிந்து சேலையில் ஒட்டிக்கொண்டது.

“இனி சேலைக்கா கரண்டு வைக்கட்டு?” என்றார் டாக்டர்.

“சேலைக்கு ஒரு சுகக்கேடும் இல்ல டாக்டரே,” என்றாள் ஞானம்மை.

2. ஜன்னல் யாருக்கு

ஞானம்மைக்குக் கருப்பையில் புற்று. மரச்சீனிக் கிழங்கு மொத்த வியாபாரம் செய்தவள், குரல் சந்தைக்குப் பழகியது. பக்கத்துக் கட்டிலில் நெய்யாற்றின்கரை பார்கவியம்மா. அவளுக்கும் அதே நோய், அதே கரண்டு. ஆனால் ஞானம்மைக்கு ஊர் மதராசோடு சேரவேண்டும். பார்கவியம்மாவுக்குத் திருவனந்தபுரத்தைவிட்டு ஒரு பிடி மண் போகக்கூடாது.

யார் சாக்பீஸ் கொண்டுவந்து கொடுத்தார்களோ, ஒருநாள் காலை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கோடு கிடந்தது. பார்கவியம்மா பக்கம் ஜன்னல் விழுந்தது. ஞானம்மை பக்கம் தண்ணீர்க் கூஜா விழுந்தது.

“காற்று எங்களுடேது,” என்றாள் பார்கவியம்மா.

“நல்லா குடி. தாகம் எடுத்தா அந்தக் காத்தையே குடி,” என்றாள் ஞானம்மை.

நான் கோட்டைத் துடைத்தேன். மறுநாள் இன்னும் தடிமனாக இருந்தது. சண்டை போட்டால் இருவருக்கும் குமட்டல் மறந்துபோவதைப் பார்த்த பிறகு துடைக்கவில்லை.

ஆனால் இரண்டாவது வாரம் ஞானம்மை சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாள். கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். சுக்குத் தண்ணீர் போன வழியே திரும்பி வந்தது. எடை இறங்கியது.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். “இந்த நிலையில நான் கரண்டு வைக்கமாட்டேன். ஆகாரம் உள்ள போகணும். பாதியில நிறுத்தினா இவ்வளவு நாள் பட்டதெல்லாம் வீண்.”

“நான் சாப்பிட வைக்கிறேன் டாக்டர். அவங்க சபைக் கொயரை வரவழைச்சுப் பாடச் சொல்லலாமா? பாட்டு கேட்டா மனசு இளகும். பாடத்தில் படிச்சிருக்கேன்.”

“பாட்டும் இஞ்சியும் அவங்க தாங்குறதுக்கு. புத்துக்குக் கரண்டு. ரெண்டையும் குழப்பாம இருந்தா கூப்பிடு,” என்றார்.

ஞானம்மையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. திடீரென்று பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

3. வெள்ளைச் சேலைகள்

கிளர்ச்சியால் அந்த வாரம் ரோட்டில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து போகத் தடை. அதனால் கொயர் மாஸ்டர் சாமுவேல், பாட்டுக்காரப் பெண்களை நாலு நாலு பேராக அனுப்பினார். முதல் நாலு பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் வந்த பிறகுதான் பாடவேண்டும் என்பது மாஸ்டரின் உத்தரவு. ஆகவே வாய் திறக்கவில்லை. எல்லோரும் கொயரின் வெள்ளைச் சேலையில் இருந்தார்கள். எல்லோர் கண்ணும் ஞானம்மை மேல் இருந்தது. பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவர்களும் பேசாமல் நின்றார்கள்.

குன்னத்துகாலில் கொயர் ஒரு வீட்டுக்கு வருவது இரண்டே காரியத்துக்கு. ஒன்று, வீடு வீடாகப் பாடிப்போகும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு. மற்றது, சாவு. அப்போது சித்திரை மாசம்.

ஞானம்மை மெல்லத் தலையைத் தூக்கினாள். “யாருக்கு மக்கா?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் பதில் சொல்லும் முன் மாஸ்டர் ஆர்மோனியத்தோடு உள்ளே வந்து, கட்டிலையும் அதில் கிடந்தவளையும் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம். கை தானாகவே போய் அடக்கப் பாட்டின் இழுவையைப் பிடித்துவிட்டது.

பார்கவியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ ஞானம்மே! போன வாரம் வரெ நம்மள் சண்டை போட்டதல்லே!”

“நிறுத்துட்டி! எனக்கு இல்ல, உனக்காக்கும் வந்திருக்கியது!”

“நான் ஹிந்துவாணு. எனிக்கு கொயர் வராது,” என்று பார்கவியம்மா தேம்பினாள்.

ஞானம்மை முழங்கையை ஊன்றிக்கொண்டாள். வார்டையே ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்த வாரம் நோயாளிகளில் கிறிஸ்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த கணம் சந்தைக் குரல் திரும்பி வந்தது.

“எவன் சொன்னான் நான் செத்தேன்னு? மாஸ்டரே, பெட்டியை மூடும்! மக்கா, கஞ்சி கொண்டு வா! இவியளுக்கு முன்னாலயே குடிக்கேன். செத்தவ கஞ்சி குடிப்பாளான்னு பாக்கட்டு!”

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு பாட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். குமட்டலுக்கு நான் சொல்லித்தந்தபடி நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்துவிட்டாள். பாதிக்கும் மேல் உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை.

“இனி போய்க்கோங்க,” என்றாள்.

கொயர் பெண்கள் அழும் நிலையில் நின்றார்கள். அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “அம்மே, ஒங்களுக்கு என்ன பாட்டு வேணும்?”

கஞ்சிப் பாத்திரத்தைத் தள்ளிவைத்தாள். “கேரல் ரவுண்டுல கொட்டு அடிச்சுப் பாடுவியளே, அதாக்கும் வேணும். அந்த ராத்திரி எங்க வீட்டுல அச்சு முறுக்கு சுட்டு எல்லாருக்கும் குடுப்பேன்.”

4. படுத்திருப்பவர்கள் கணக்கு

கொட்டு இல்லாததால் மாஸ்டர் வார்டின் தகரவாளியைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார். சித்திரை வெயிலில் கிறிஸ்துமஸ் பிறந்தது. இரண்டாவது பாட்டில் வாசலில் போலீஸ்காரர் வந்து நின்றார்.

“ஆரடா அது? இவிடெ ஜாதாவோ?”

“ஜாதாவும் இல்ல, ஊர்வலமும் இல்ல ஏமானே. கிறிஸ்துமஸ் ஆக்கும்,” என்றாள் ஞானம்மை.

“மேட மாசத்திலோ?” என்றார் அவர். சித்திரைக்கு மலையாளத்தில் அதுதான் பெயர்.

“டிசம்பர்ல நான் இருக்கனோ இல்லியோ. முன்கூட்டியே வச்சிட்டேன்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். ஆனாலும் கடமை விடுமா? விரலை நீட்டி ஆட்களை எண்ண ஆரம்பித்தார்.

“படுத்துக் கிடக்கவியளை எண்ணப்பிடாது,” என்றாள் ஞானம்மை.

“அதே, எண்ணான் பாடில்லா,” என்றாள் பார்கவியம்மா. அவர்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போலீஸ்காரர் எண்ணுவதை விட்டுவிட்டு வாளியை மெதுவாக அடிக்கச் சொன்னார். போகும்போது பார்த்தேன், அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு கட்டிலுக்கும் கஞ்சி போனது. டாக்டர் எடையைப் பார்த்துவிட்டுக் கரண்டைத் தொடர்ந்தார். குமட்டல் முழுக்கப் போய்விடவில்லை. வரும்போது ஞானம்மை வாளியைக் கேட்பாள். வாந்திக்கா, பாட்டுக்கா என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் கொடுப்பேன். நோயைப் பிடித்து நிறுத்தியது கரண்டுதான், எங்கள் பாட்டு அல்ல. ஆனால் கடைசிக் கரண்டு வரை அவள் பாதியில் விடாமல் அந்தக் கட்டிலில் கிடந்தாள்.

தங்கைகளே, இஞ்சியோ, எண்ணெயோ, பாட்டோ, நல்லது என்று பாடத்தில் படித்த எதையும் நோயாளியிடம் கொண்டுபோகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கு ஆறுதலாகத் தெரிவது அவருக்கு அடக்கப் பாட்டாக இருக்கலாம்.

அந்த டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கு என்னையும் குன்னத்துகாலுக்குக் கூட்டிப்போனார்கள். ஞானம்மையின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“யாருக்கு?” என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து பார்கவியம்மாவின் குரல் வந்தது: “அடுப்பில முறுக்கு கரியுந்து, ஞானம்மே!”